கோல நோட்டிலிருந்து ஒரு போர்வை: குடும்பப் பரிசாகத் தைத்த ஒற்றைத்துணிக் குயில்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

குன்னூரில் இருக்கும் ஒரு வயதான தம்பதிக்குச் சதாபிஷேகம் வரவிருந்தது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா கல்யாணமான நாளிலிருந்து வாசலில் கோலம் போட்டு வந்தவர். முழங்கால் வலி வந்த பிறகு குனிய முடியாமல் அதை விட்டுவிட்டார். பிள்ளைகள் மூன்று பேர்: மூத்த மகன் சென்னையில், நடு மகள் கோவையில், இளைய மகன் பெங்களூரில். வெள்ளி விளக்கு, பட்டு என்று பேச்சு ஓடியபோது, அம்மாவின் கோல நோட்டிலிருந்து ஒரு சிக்குக் கோலத்தை எடுத்துக் குயில்டாகத் தைத்துக் கொடுக்கலாமே என்று மகள் கேட்டார். மலைக் குளிருக்குப் போர்த்திக்கொள்ளவும் ஆகும். எல்லோரும் சரி என்றார்கள்.

கோவையில் நான் நடத்தும் தையல் வகுப்பில் அந்த மகள் ஏற்கெனவே இரண்டு குழந்தைப் போர்வைகள் தைத்திருந்தார். இரண்டும் துண்டுத் துணிகளை ஒட்டி மெஷினில் தைத்தவை. இப்போது கேட்டது வேறு வகை. மேலே ஒரே துணி, நடுவில் பஞ்சு, கீழே இன்னொரு துணி. மூன்றையும் பிடித்துக்கொண்டு ஓடும் கைத்தையல்தான் முழு வடிவத்தையும் காட்ட வேண்டும். இங்கிலாந்தின் டர்ஹாம் வட்டாரத்திலும் வேல்ஸிலும் பிரான்சின் ப்ரோவான்ஸிலும் இந்த வேலைக்கு நீண்ட மரபு உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் சிசிலியில் தைத்த ஒன்று இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் பக்கம் பார்த்தால், 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் வங்காளத்திலிருந்து தையல் நிறைந்த விரிப்புகள் கப்பலேறிப் போர்ச்சுகலுக்குப் போயிருக்கின்றன.

தொடக்கத்தில் கவனித்தவை

ஆடி மாதம் பேச்சைத் தொடங்கினார்கள். விசேஷம் அதற்கு இரண்டாவது வருஷச் சித்திரையில். கைத்தையலுக்கு இது போதுமான காலம், ஆனால் தாராளம் என்று சொல்ல முடியாது.

அப்போதே இரண்டு சிக்கல்கள் தெரிந்தன. ஒன்று, எல்லோரும் தைக்க ஆசைப்பட்டார்கள். பிள்ளைகள், மருமகள்கள், மாப்பிள்ளை, பேரன் பேத்திகள் எல்லோருக்கும் தங்கள் கையும் அதில் இருக்க வேண்டும். ஒட்டுத்துணியில் இது சுலபம், ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிடலாம். ஒற்றைத்துணியில் ஒளிய இடமே கிடையாது. கோலத்தின் ஒரு கம்பி, அதாவது கோடு, பாதி தூரம் சீராக ஓடி, அப்புறம் இன்னொருவர் கைக்கு மாறினால், மாறிய இடம் பளிச்சென்று தெரியும். இரண்டாவது, அந்த வீட்டில் யாருமே தைத்திராத அளவு: 90 அங்குல அகலம், 96 அங்குல நீளம்.

துணியும் நிறமும்

கடைகளில் கிடைக்கும் சாதாரணத் துணி 44 அல்லது 58 அங்குல அகலம்தான். அதை வாங்கினால் நடுவில் ஒட்டு வரும். கரூர் வீட்டு ஜவுளி ஏற்றுமதிக்குப் பேர் போன ஊர். அங்கே படுக்கை விரிப்புக்காக நெய்யும் அகலத் துணியில் எஞ்சியது கடைகளுக்கு வரும். 108 அங்குலத்தில் இரண்டு ரகம் கிடைத்தன. ஒன்று பளபளப்பான, நெருக்கமாக நெய்த சாட்டின். தொட்டுப் பார்த்தவுடன் மூத்த மருமகளுக்கு அது பிடித்துவிட்டது. இன்னொன்று 40-ஆம் நம்பர் நூலில் நெய்த சாதா நெசவு. இரண்டிலும் கைப்பிடித் துண்டு வாங்கி வந்து ஊசி குத்திப் பார்த்தோம். சாட்டினில் ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைத் தள்ள வேண்டியிருந்தது. நெருக்கமான நெசவில் இழைகள் விலகி ஊசிக்கு வழி விடாது. மாதக்கணக்கில் தைக்க வேண்டிய கைக்கு அது ஆகாது என்பதால் சாதா நெசவையே எடுத்தார்கள்.

நிறத்தில்தான் வீட்டுக்குள் வாக்குவாதம். மேல்நாட்டுப் படங்களில் பார்த்தபடி வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் வேண்டும் என்பது மகளின் ஆசை. பெரியம்மா ஒருவர், “சுமங்கலிக்கு எண்பதாம் கல்யாணத்தில் வெறும் வெள்ளையா கொடுப்பீங்க?” என்று கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. செம்மண் நிறத் துணியில் வெள்ளை நூல் ஓட்டினால் காவி பூசிய வாசலில் கோலம் போட்ட மாதிரியே இருக்கும் என்றான் பேரன். நல்ல யோசனை, ஆனால் நான் வேண்டாம் என்றேன். மாறுபட்ட நிற நூலில் ஒவ்வொரு தையலும் தனித்தனியாகக் கண்ணில் படும். பழகாத கைக்கு அது பெரிய சோதனை. மேலும், ஒற்றைத்துணியில் நம் கண் பார்ப்பது நூலைக் கிடையாது. நூல் அழுத்திய இடத்தின் நிழலையும் நடுவில் எழும்பும் மேட்டையும்தான் பார்க்கிறது. கடைசியில் சந்தன நிறத் துணி, அதே நிற நூல், சுற்றிலும் அரக்கு நிறக் கரை என்று முடிவானது. காவிக்கரை வந்துவிட்டதால் பேரனும் சமாதானம் ஆனான்.

உள்ளே வைக்கும் பஞ்சு

மூத்த மகன் இலவம் பஞ்சுதான் வேண்டும் என்றார். நம் வீட்டு மெத்தை, தலையணை எல்லாம் அதுதானே என்ற நியாயம். பேசித் தீராது என்பதால் ஓர் அடி சதுரத்தில் மூன்று மாதிரி தைத்தோம்: இலவம் பஞ்சு, பாலியெஸ்டர் வேடிங் (குயில்டுக்குள் விரிக்கத் தாளாக வரும் பஞ்சு), ஊசியால் குத்தித் தாளாக்கிய பருத்தி வேடிங். மூன்றையும் மூன்று முறை துவைத்தோம்.

இலவம் பஞ்சின் இழை குட்டையானது, வழுவழுப்பானது, மேலே மெழுகுப் பூச்சு உள்ளது. ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. முதல் துவைப்பிலேயே அது மூலைக்கு ஓடிக் கட்டியானது. ஊசித் துளை வழியாகவும் பஞ்சு வெளியே வந்தது. தடித்த உறைக்குள் திணித்து வைக்கும் மெத்தைக்கு அது அருமையான பொருள். மெல்லிய துணிக்குள் விரித்துத் தைக்க ஆகாது. மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்த மூத்த மகன் அப்புறம் எதுவும் சொல்லவில்லை.

பாலியெஸ்டர் நன்றாகவே வந்தது. உப்பலாக நின்றது, சீக்கிரம் காய்ந்தது. பருத்தி வேடிங்கில் மேடு குறைவு. ஆனால் துவைத்த பிறகு பஞ்சு கொஞ்சம் சுருங்கி, தையலைச் சுற்றி மெல்லிய சுருக்கம் விழுந்தது, தையலின் ஏற்ற இறக்கத்தை அது மறைத்தது. உடம்போடு படிந்து விழும் கனமும் அதற்குத்தான் இருந்தது. பல கைகள் தைக்கப்போகும் போர்வைக்கு அந்தச் சுருக்கம் பெரிய உதவி என்று பருத்தியைத் தேர்ந்தார்கள்.

கோலம் துணிக்கு வந்த விதம்

இந்த வேலையின் மையம் இதுதான் என்பேன். அம்மாவின் நோட்டிலிருந்து எடுத்தது 11 புள்ளி, 1 வரை நேர்ப்புள்ளி வைத்த சிக்குக் கோலம். மொத்தம் 61 புள்ளி. போர்வையின் நடுவே வைரம் போல நிற்க, புள்ளிக்குப் புள்ளி 6 அங்குலம் விட்டார்கள். 66 அங்குலத்துக்கு வந்தது. பார்க்க அழகுதான், ஆனால் போர்வைக்கு அது போதாது.

குயில்டில் தையல் இரண்டு வேலை செய்கிறது: வடிவம் காட்டுகிறது, பஞ்சைப் பிடித்து வைக்கிறது. அவர்கள் வாங்கிய வேடிங்கில் நடுவே வலைத்துணி கிடையாது. அதற்கு நாலு அங்குலத்துக்கு மேல் தையல் இல்லாமல் விட்டால் நாளடைவில் பஞ்சு பிய்ந்து உருளும். சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளிகளைச் சுற்றி வளைந்து ஓடும், புள்ளி வெறுமையான இடத்தின் நடுவில் நிற்கும். இரண்டு புள்ளிகளை ஒன்றாக வளைக்கும் இடங்களில் வெறும் பரப்பு கையளவுக்கும் மேல் இருந்தது.

புள்ளிகளைக் கூட்டி வேறு கோலம் போடலாம். அது அம்மாவின் கோலமாக இருக்காது. சின்னதாக நாலு கோலம் வைக்கலாம். அம்மா ஒருநாளும் அப்படிப் போட்டதில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு மகள் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. படிக்கோலத்தில் போடுவது போல ஒற்றைக் கம்பியை இரட்டை இழையாக்கினார், இரண்டுக்கும் நடுவே முக்கால் அங்குலம். இழைகளுக்கு நடுவில் பஞ்சு கயிறு போல எழும்பி நிற்கும். புள்ளி இல்லாத அறைகளில் சின்னதாக ஒரு நாலிதழ். புள்ளி உள்ள அறைகளில் அந்தப் புள்ளியையே ஓர் அங்குல வட்டமாகத் தைப்பது. வாசலில் கம்பிக்கு வழி காட்டும் புள்ளி, துணியில் பஞ்சைப் பிடித்து நிற்கும் ஆணியானது. வைரத்துக்கு வெளியே மிஞ்சிய பரப்பு முழுக்கக் குறுக்குக் கோடுகளால் ஓர் அங்குலக் கட்டம். அடர்ந்த கட்டம் பரப்பை அமுக்கிவிடுவதால் நடுவில் கோலம் இன்னும் மேலே எழும்பித் தெரியும்.

யார் எதைத் தைப்பது என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் கிடைத்தது. கம்பி முழுவதும் மகளின் கை. புள்ளி வட்டங்கள் மற்ற எல்லோருக்கும். ஒவ்வொரு வட்டமும் தனியாக நிற்பதால் பக்கத்து வட்டத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்ல வழியில்லை.

குறி போடுதல்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஆலன்ஹெட்ஸ் என்ற சிற்றூரில் ஜார்ஜ் கார்டினர், அவரிடம் தொழில் பழகிய எலிசபெத் சாண்டர்சன் போன்றவர்கள் துணியில் நீலப் பென்சிலால் வடிவம் வரைந்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தார்கள். தைப்பது வாங்கிப்போகிறவர்கள் பாடு. வரைவதும் தைப்பதும் தனித்தனித் திறமைகள் என்பதால் இங்கும் அப்படியே பிரித்தோம். இளைய மகன் கட்டட வரைபடம் போடுகிறவர். குறி போடும் பொறுப்பு அவருக்கு.

முதலில் துணியைக் கஞ்சி போகத் துவைத்தார்கள். ஆரி வேலைக்காரர்கள் செய்வது போல டிரேசிங் பேப்பரில் கோலம் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளை போட்டார்கள். ஆரிக்காரர்கள் மண்ணெண்ணெயில் பொடி கலந்து அதன் மேல் தேய்ப்பார்கள். வெளிர் துணியில் அந்தக் கறையும் வாடையும் வேண்டாம் என்று, துளை வழியாகத் தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் பொட்டு வைத்து, பிறகு பொட்டுகளைச் சேர்த்தார் மகன். எழுபது அங்குலக் காகிதத்தைத் தரையில் விரித்து முழங்காலிட்டு அவர் பொட்டு வைத்ததைப் பார்த்தவர்களுக்கு அம்மா புள்ளி வைத்த காலம் நினைவுக்கு வந்ததாம்.

இங்கேதான் விபத்து. வரைந்து முடித்த துணியில் ஒரு மூலை கசங்கியிருந்தது. வீட்டுக்கு வந்திருந்த உறவுப்பெண் நல்ல எண்ணத்தில் அந்த மூலையை மட்டும் இஸ்திரி போட்டுவிட்டார். அந்தப் பேனா மை சூடு பட்டால் பழுப்பாகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். குறுக்குக் கட்டத்தில் ஒரு சாண் அளவுக்குக் கோடுகள் பழுப்பாயின. ஈரத் துணியால் ஒற்றிப் பார்த்தும் போகவில்லை. வேறு துணி வாங்கி முதலிலிருந்து வரைவதா, இதிலேயே போவதா? மையப்பகுதி முழுவதும் சுத்தமாக இருந்தது. பழுப்புக் கோட்டின் மேலேயே தையல் வரப்போகிறது. இதிலேயே போகலாம், அந்த மூலை கால்மாட்டில் வரட்டும் என்று முடிவு செய்தார்கள். இஸ்திரிப் பெட்டியை வேறு அறையில் வைத்துப் பூட்டியதும் அன்றைக்கே.

தைத்த ஆண்டு

மூன்று அடுக்கையும் நாலு அங்குலத்துக்கு ஒன்றாகப் பெரிய ஓட்டுத் தையலால் பிடித்தார்கள். தச்சர் ஒருவர் ஆரி ஃபிரேம் மாதிரியிலேயே இரண்டு நீளக் கட்டைகள் வைத்துச் சட்டம் செய்து கொடுத்தார். துணி ஒரு கட்டையில் சுருண்டு, மறு கட்டையில் அவிழும்.

ஆரியில் பழகியவர்கள் துணியை முரசு போல இழுத்துக் கட்டுவார்கள். மகளும் அப்படித்தான் கட்டினார். ஊசியில் ஒரு நேரத்தில் ஒரு தையல்தான் ஏறியது. கட்டையைக் கொஞ்சம் தளர்த்தி, கையை வைத்தால் துணி ஓரளவு குழியும்படி விட்டோம். உடனே மூன்று நாலு தையலை ஒரே ஊசியில் சேர்த்து இழுக்க முடிந்தது. குயில்டுக்கென்று வரும் 9-ஆம் நம்பர் குட்டை ஊசி, நடுவிரலில் அங்குஸ்தான் என்ற விரலுறை, அடியில் இடது கை விரல் நுனி ஊசியை மேலே தள்ளும். தொடக்கத்தில் அங்குலத்துக்கு ஐந்து தையல் வந்தது. ஆனி, ஆடி வாக்கில் எட்டு வந்தது. அந்த ஆடியில் அவருடைய இடது ஆள்காட்டி விரல் நுனி காய்த்துப் போயிருந்தது.

சட்டத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. தையல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத்தான் நகர முடியும். கோலக் கம்பியோ ஓடிப் போய்த் திரும்பி வரும். கம்பி சட்டத்தின் ஓரத்தைத் தொடும் இடத்திலெல்லாம் நூலை அறுக்காமல் ஊசியை அப்படியே செருகிவிட்டு, அடுத்த ஊசியை எடுக்க வேண்டியிருந்தது. வைரத்தின் அகலமான பகுதிக்கு வந்தபோது கட்டையோரத்தில் ஊசிகள் வரிசையாகக் காத்திருந்தன. பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருந்தாலும், கம்பியில் முடிச்சு குறைவாக விழ இதுதான் வழி. கம்பியும் கம்பியும் குறுக்கிடும் இடத்தில் ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே விட்டார். கீழே போகும் இழையில், ஊசி மேலே எட்டிப் பார்க்காமல் பஞ்சுக்குள்ளேயே முக்கால் அங்குலம் நழுவி மறுபக்கம் எழும். பின்னிய கயிறு போன்ற தோற்றம் அதில்தான் வந்தது.

பொங்கலுக்கு எல்லோரும் கோவைக்கு வந்தார்கள். சட்டத்திலிருந்து எடுத்த போர்வையைச் சிறு வளையத்தில் மாட்டி, ஆளுக்குச் சில புள்ளிகள் தைத்தார்கள். சிலர் நூலை இறுக இழுத்ததால் வட்டம் பொத்தான் போலக் குழிந்தது. மாப்பிள்ளை தைத்தது முட்டை வடிவம். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மோசமானவற்றைப் பிரித்துத் தைத்துவிடலாம் என்றார் ஒரு மருமகள். மகள் என்னைக் கேட்டார். நூல் துணியை அறுக்கும் அளவுக்கு இறுகியவற்றை மட்டும், தைத்தவரிடம் சொல்லி, அவர் கையாலேயே திருத்தச் சொல்லலாம், மற்றவற்றைத் தொட வேண்டாம் என்றேன். கொடுப்பவரின் கையைச் சொல்லாமல் அழித்துவிட்டு அவர் பேரில் பரிசு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படியே செய்தார்கள்.

கரையும் கழுவலும்

கரைக்கு முதலில் வாங்கிய அரக்குத் துணியை வெந்நீரில் வெள்ளைக் கைக்குட்டையோடு ஊறப்போட்டதில் கைக்குட்டை சிவந்தது. சாயம் போகாத வேறு துணி கிடைக்க மூன்று கடை ஏற வேண்டியிருந்தது. சந்தன நிறத்தில் தைத்து ஓர் ஆண்டு உழைத்த பிறகு சாயம் இறங்கியிருந்தால் மீட்க வழியே இல்லை, அதனால் இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது.

நீல மை போக, சோப்பு போடாமல் பச்சைத் தண்ணீரில் முழுக்க ஊறவைத்தார்கள். கோடு மறைந்தது. நிழலில் காயவைத்தபோது சில இடங்களில் வெளிறிய நீலம் மறுபடி வந்தது. பஞ்சுக்குள் இறங்கியிருந்த மை, ஈரம் காயும்போது மேலே ஏறியிருக்கிறது. இன்னும் ஒருமுறை ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி அலசியதும் போயிற்று. பிறகுதான் மாசி வெயிலில் போட்டார்கள். இஸ்திரி பட்ட மூலையில் உற்றுப் பார்த்தால் தெரியும் அளவுக்குப் பழுப்பு தங்கியது. போர்வை நீளத்தில் ஏறக்குறைய 4 அங்குலமும் அகலத்தில் 3 அங்குலமும் சுருங்கியது, மாதிரித் துண்டில் பார்த்த கணக்குக்கு ஒத்தே வந்தது. இறுகிய புள்ளிகளும் நெகிழ்ந்த புள்ளிகளும் அந்தச் சுருக்கத்தில் ஒன்றுபோலவே ஆகிவிட்டன.

கொடுத்த பிறகு

சடங்கில் புதுத் துணிக்கு மஞ்சள் வைப்பார்கள் என்பதை முன்பே யோசித்து, அடித்துணியில் கரையை ஒட்டி ஓரிடத்தை அதற்கென்று காட்டிவிட்டார்கள். அம்மா போர்வையைப் பிரித்துப் பார்த்ததும் கோலத்தை அடையாளம் கண்டுகொண்டார். எந்தப் புள்ளி யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மேல் கீழ் பின்னலைத் தடவிவிட்டு, “கோலத்துல இப்படி மேல கீழன்னு கிடையாதேடி, ஆனா துணிக்கு நல்லாருக்கு” என்றார். மகளுக்கு அந்தச் சான்றிதழ் போதும்.

அடுத்து நடந்ததுதான் கவலை தந்தது. நல்ல பொருள் என்று அம்மா அதை மடித்து, பாலித்தீன் பையில் போட்டு, பீரோவில் அந்துருண்டையோடு வைத்துவிட்டார். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை அதிகம். மழை முடிந்து எடுத்தபோது பூஞ்சை வாடையும், மடிப்பு நெடுகக் கோடும் இருந்தன. நல்லவேளை, கறை பிடிக்கவில்லை. அங்கே துவைத்தால் நனைந்த பருத்தி அந்தக் குளிரில் நாட்கணக்கில் காயாது. கோவைக்குக் கொண்டுவந்து அலசிக் காயவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது பகலில் கட்டிலில் விரித்து, இரவில் போர்த்திக்கொள்கிறார்கள். வாடை திரும்ப வரவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பருத்தி வேடிங்கைத் தேர்ந்த காரணம் இன்றைக்கும் நியாயம்தான், ஆனால் மாதிரிகளைக் கோவை வெயிலில் மட்டும் காயவைத்துப் பார்த்தோம். போர்வை வாழப்போகும் ஊரிலும் ஒரு துண்டைக் காயவைத்திருக்க வேண்டும். மலை ஊருக்கென்றால் கம்பளி வேடிங்கையும் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். எடை குறைவு, பருத்தியைவிடச் சீக்கிரம் காயும், கதகதப்பு அதிகம், மேடும் நன்றாக எழும்பும். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீலப் பேனாவை மறுபடியும் பயன்படுத்தலாம். ஆனால் துணியை முழுக்க இஸ்திரி போட்டு முடித்த பிறகே பேனாவைத் திறக்க வேண்டும், வரைந்த துணியில் ‘சூடு படக்கூடாது’ என்று ஒரு சீட்டைக் குத்தி வைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள்கூட அதை வைக்கக் கூடாது.

புள்ளி தைக்க வருகிறவர்களுக்கு முதலில் வேறு துணியில் இரண்டு வட்டம் தைக்கக் கொடுத்தால் இறுக்கம் பிடிபடும். இதற்கு அரைமணி போதும்.

பரிசோடு பராமரிப்புச் சீட்டு ஒன்றும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் குடும்பம் பிறகு எழுதிப் பீரோ கதவின் உட்புறம் ஒட்டியது இது: “கட்டிலில் விரித்தே வைக்கவும். மடித்து வைத்தால் பழைய பருத்திச் சேலையில் சுற்றவும், பாலித்தீன் வேண்டாம். மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றவும். துவைப்பதென்றால் மாசியில், கோவைக்கு அனுப்பவும்.”